விட்டுக்கொடுத்து ஆடுறியா?

ஆறு வருடம் ஆகிவிட்டது, அந்தக் கேள்வி இன்னும் என்னை விட்டுப் போகவில்லை. கேட்டவன் அன்றைக்கே மறந்திருப்பான். கண்ட்ரோலரை மடியில் வைத்துவிட்டு, டிவியைப் பார்த்தபடியே, குரலைக்கூட உயர்த்தாமல் கேட்டான்: "மச்சான், விட்டுக்கொடுத்து ஆடுறியா?" இல்லைடா என்று சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை. நின்டெண்டோவின் ஸ்மாஷ் பிரதர்ஸ் என்ற வீடியோ கேமை ஜாலியாக ஆடுவதா, போட்டியாக ஆடுவதா என்று எங்கே சண்டை வந்தாலும், யார் எந்தப் பக்கம் பேசினாலும், எனக்கு அந்த ஹால்தான் ஞாபகத்துக்கு வருகிறது. இந்தச் சண்டையில் இரண்டு தரப்பும் தப்பான இடத்தில் கோடு கிழிக்கிறார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. அதை எழுதிப் பார்த்துவிட வேண்டும் என்று பல நாளாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

2019இல் நாங்கள் நாலு பேர் டெக்சஸில் எம்.எஸ். படித்துக்கொண்டிருந்தோம். இரண்டு பெட்ரூம் அபார்ட்மெண்ட். திருச்சிக்காரன், சேலத்துக்காரன், கோவில்பட்டிக்காரன், காரைக்குடியிலிருந்து நான். 2018 டிசம்பரில் ஸ்மாஷ் வரிசையின் புது ஆட்டமான அல்டிமேட் வெளிவந்த வாரமே திருச்சிக்காரன் கேம்பஸ் வேலைக் காசில் அதை ஆடுவதற்கான ஸ்விட்ச் கன்சோலை வாங்கிவிட்டான். சனிக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்கு உட்கார்ந்தால் சோறு வேகும்வரை ஆட்டம், சாப்பிட்ட பிறகு மறுபடி ஆட்டம். நல்ல கண்ட்ரோலர் இரண்டுதான். மற்ற இரண்டு பேருக்கும் ஸ்விட்சோடு வந்த ஜாய்கான் என்ற குட்டிக் கண்ட்ரோலர், ஆளுக்குப் பாதி. அதைப் பக்கவாட்டில் திருப்பிப் பிடித்தால் உள்ளங்கைக்குள் ஒளிந்துகொள்ளும், மேல் விளிம்பில் அரிசி நீளத்துக்கு இரண்டு பொத்தான். கோவில்பட்டிக்காரனுக்கு எப்போதும் அதுதான். வேறு கொடுத்தாலும் வாங்கமாட்டான். ஆட்டம் முடிந்து பார்த்தால் அவன் ஆள்காட்டி விரல் நுனியில் அந்தப் பொத்தானின் தடம் சிவப்பாகப் பதிந்திருக்கும். ஆட்டத்தில் நெஸ் என்ற ஆளைத்தான் எடுப்பான், தீ எறிகிற வித்தை உள்ள ஆள். பிகே ஃபயர், பிகே ஃபயர், பிகே ஃபயர். அதில் மாட்டினால் லேசில் வெளியே வர முடியாது. சேலத்துக்காரன் "போங்காட்டம்டா இது" என்று கத்துவான், அவன் மறுபடியும் அதையே போடுவான்.

எங்கள் வீட்டுக்கென்று சட்டங்கள் இருந்தன. ஐட்டம், அதாவது ஆட்டத்தின் நடுவே மேடையில் தானாக வந்து விழும் ஆயுதமும் பொருளும், எல்லாமே வரும், எவ்வளவு அதிகமாக வைக்க முடியுமோ அவ்வளவு. மேடை பெரும்பாலும் டெம்பிள், ஏனென்றால் அதன் அடிவயிற்றில் ஒரு குகை இருக்கிறது. அடி வாங்க வாங்க ஒருவனின் சதவீதம் ஏறும், ஏற ஏற அடுத்த அடியில் தூரப் பறந்து மேடைக்கு வெளியே போய் உயிர் விடுவான். ஆனால் குகைக்குள் புகுந்துவிட்டால் 200 சதவீதம் அடி வாங்கியவன்கூட சுவரில் மோதி மோதி உயிர் பிழைப்பான். எவன் ஜெயிக்கிற மாதிரித் தெரிகிறதோ அவனை மற்ற மூன்று பேரும் சேர்ந்து மொத்தலாம். கூட்டணி வைத்துக்கொள்ளலாம், முறிக்கலாம். அப்புறம் குக்கர் சட்டம். அன்று சமையல் முறை யாருடையதோ அவன் விசிலுக்கு எழுந்து போவான், ஆட்டத்தை நிறுத்தி வைக்கமாட்டோம். அவனுடைய ஆள் திரையில் தனியாக நிற்கும், லேசாக ஆடிக்கொண்டு, மூச்சு வாங்கிக்கொண்டு. மூன்று பேரும் அதைச் சுற்றி அடித்துக்கொள்வோம், அதன்மேல் கை படாது. தெரியாமல் பட்டுவிட்டால் சமையலறைப் பக்கம் திரும்பி "சாரி மச்சி" என்று கத்த வேண்டும். இதை யாரும் உட்கார்ந்து தீர்மானிக்கவில்லை. தெருவில் கிரிக்கெட் ஆடும்போது ஒன் பிட்ச் கேட்ச் எப்படி வந்ததோ அப்படித்தான் இதுவும் வந்தது.

ஐட்டம் ஏன் வேண்டாம் என்றார்கள்

அந்த வருடம் பிப்ரவரியில் நான் கேம்பஸில் வாராவாரம் நடந்த ஒரு போட்டிக்குப் போனேன். ஐந்து டாலர் நுழைவு. சுவரோரம் பழைய குண்டு டிவிகளை அடுக்கி ஒரு கூட்டம் மெலீ ஆடிக்கொண்டிருந்தது. ஸ்மாஷ் வரிசையில் 2001இல் வந்த ஆட்டம். தட்டையான புது டிவிகளில் பொத்தானை அழுத்துவதற்கும் திரையில் தெரிவதற்கும் நடுவே வரும் இம்மித் தாமதத்தை அவர்களால் பொறுக்க முடியாது என்பதால் குண்டு டிவிகளைக் காரில் தூக்கிக்கொண்டு வருவார்கள். இந்தப் பக்கம் மானிட்டர்களில் அல்டிமேட். ஆளுக்கு மூன்று உயிர், மூன்றுக்கு இரண்டு ஆட்டம் ஜெயித்தால் அடுத்த சுற்று, இரண்டு முறை தோற்றால் வீட்டுக்கு. ஐட்டம் கிடையாது. நூற்றுக்கு மேல் மேடை இருக்கிற ஆட்டத்தில் அவர்கள் ஆடுவது பேட்டில்ஃபீல்ட், ஃபைனல் டெஸ்டினேஷன், ஸ்மாஷ்வில் என்று விரல்விட்டு எண்ணக்கூடிய சிலவற்றில்தான்.

இரண்டு முறையும் தோற்று முக்கால் மணி நேரத்தில் வெளியே வந்துவிட்டேன். என்னை முதலில் வீழ்த்தியவன் வுல்ஃப் என்ற ஆளை வைத்து ஆடிய ஒரு அமெரிக்கப் பையன், என்னைவிடச் சின்னவன். கை குலுக்கிவிட்டுப் போய்விடுவான் என்று நினைத்தேன். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். "நீ மேடை விளிம்பைப் பிடித்தவுடன் ஒவ்வொரு தடவையும் குதிக்கிறாய், கவனித்தாயா?" என்றான். நான் கவனித்ததே இல்லை. தொங்கிக்கொண்டிருப்பவன் ஏறலாம், உருளலாம், அடித்தபடி ஏறலாம், குதிக்கலாம், கீழே விட்டுவிட்டுத் திரும்பவும் மேலே வரலாம். இத்தனை வழி இருந்தும் பதற்றத்தில் நான் ஒன்றையே செய்தேன், அவன் என் தலைக்கு மேலே சும்மா காத்திருந்தான். அரை மணி நேரம் என்னைத் திரும்பத் திரும்ப விளிம்பில் தொங்கவிட்டுச் சொல்லிக்கொடுத்தான். போட்டிக்காரர்கள் சந்தோஷம் தெரியாதவர்கள் என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வருவது அந்த அரை மணி நேரத்தால்தான்.

ஐட்டத்தை அவர்கள் விலக்கியதிலும் நியாயம் இருக்கிறது. மெலீயில் ஐட்டத்தைப் போட்டுவிட்டால் பெட்டியும் பீப்பாயும் குப்பியும் சேர்ந்தே வரும், அவற்றில் சில வெடிக்கும். நீங்கள் கையை ஓங்கிவிட்டீர்கள், அடி பாதி வழியில் இருக்கிறது, சரியாக அந்த இடத்தில் ஒரு குப்பி முளைக்கிறது, வெடிக்கிறது, செத்தது நீங்கள். மாதக்கணக்கில் பயிற்சி எடுத்து, பெட்ரோல் போட்டு வந்த ஒருவனிடம் இதையும் ஆட்டத்தின் பகுதியாக ஏற்றுக்கொள் என்று எப்படிச் சொல்வது? சண்டை ஆட்டங்களுக்கான பெரிய போட்டியான ஈவோவில் 2008இல், மெலீக்கு அடுத்து வந்த ப்ராலை ஐட்டங்களோடு நடத்திப் பார்த்தார்கள், கசப்புதான் மிஞ்சியது. அதே கூட்டம் 2013இல் என்ன செய்தது என்பதையும் சொல்ல வேண்டும். அந்த வருட ஈவோவில் கடைசியாகச் சேர்க்க வேண்டிய ஆட்டம் எது என்பதை மார்பகப் புற்றுநோய் ஆராய்ச்சிக்கு நன்கொடை திரட்டி முடிவு செய்தார்கள். எந்த ஆட்டத்தின் பெயரில் அதிகப் பணம் சேருகிறதோ அதற்கு இடம். பன்னிரண்டு வருடப் பழைய மெலீக்காக 94,000 டாலருக்கு மேல் கொடுத்து அதை உள்ளே கொண்டுவந்தார்கள். ஒரு ஆட்டத்தை இவ்வளவு நேசிக்கிறவர்களை மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு ஆடுகிறவர்கள் என்று எப்படி ஒதுக்க முடியும்.

2019 ஆகஸ்டில் ஈவோவை நாங்கள் நாலு பேரும் ஹாலில் உட்கார்ந்து பார்த்தோம். அல்டிமேட்டுக்கு மட்டும் 3,492 பேர் பதிவு செய்திருந்தார்கள். மெக்சிகோவின் எம்கேலியோ என்ற ஆட்டக்காரர் ஜோக்கர் என்ற ஆளை வைத்து ஜெயித்தார். நான் சோபா நுனியில் உட்கார்ந்திருந்தேன். கோவில்பட்டிக்காரன் பாதியில், "நல்லாத்தான் இருக்கு. ஆனா இது நம்ம ஆட்டம் இல்லயே மச்சான்" என்றான். அதை நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

அந்தச் சனிக்கிழமை

அதற்குள் நான் மாறியிருந்தேன். ராத்திரி எல்லாரும் தூங்கிய பிறகு டிவியின் சத்தத்தைக் குறைத்துவிட்டுப் பயிற்சி மோடில் குட்டிக் குதியல் பழகுவேன். எந்த அடி எத்தனை ஃப்ரேமில் வெளியே வருகிறது என்று போனில் படிப்பேன். வாரப் போட்டியில் ஒன்றிரண்டு சுற்று ஜெயிக்க ஆரம்பித்தேன். வீட்டில் யாரும் என் பக்கத்தில் வர முடியவில்லை. மூன்று பேர் சேர்ந்து மொத்தினாலும் தப்பித்தேன். "ஐட்டம் இல்லாம ஒரு தடவை ஆடிப் பாக்கலாமா" என்றேன். அடுத்த வாரம் "ஒண்ணுக்கு ஒண்ணு ஆடலாமா" என்றேன். இரண்டுக்கும் சரி என்றார்கள், என்மேல் இருந்த பிரியத்தால். ஒண்ணுக்கு ஒண்ணு என்று வந்துவிட்டால் கூட்டணி கிடையாது, குகை கிடையாது, கத்துவதற்குக் காரணம் கிடையாது. மற்ற இரண்டு பேர் சும்மா பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். சேலத்துக்காரன் லேப்டாப்பைத் திறந்து வைத்துக்கொண்டான். அந்த நாட்களில்தான் ஒருமுறை, திருச்சிக்காரன் குக்கரைப் பார்க்கப் போயிருந்தபோது தனியாக நின்ற அவன் கிர்பியை நான் அடித்து வெளியே தள்ளினேன். வேகத்தில் கை போய்விட்டது. திரும்பி வந்து திரையைப் பார்த்தான், ஒன்றும் சொல்லவில்லை. நானும் சாரி கத்தவில்லை.

சனிக்கிழமை ஆட்டம் ஒரு மணி நேரமாகச் சுருங்கியது. அது புரிந்ததும் எனக்குத் தோன்றிய வைத்தியம், கொஞ்சம் விட்டுக்கொடுப்பது. அடியைத் தவறவிடுவேன். தேவையில்லாமல் உருளுவேன். கடைசி உயிர்வரை கொண்டுபோய்த் தோற்பேன். நன்றாக நடிக்கிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

நெஸ் மேடைக்கு வெளியே விழுந்தால் திரும்பி வருவதற்கு ஒரு மின்னல் பந்தை விட்டு, அதை வளைத்துத் திருப்பித் தன் முதுகிலேயே அடித்துக்கொண்டு பறந்து வர வேண்டும். அந்தப் பந்துக்குக் குறுக்கே போய் யாராவது அதை வாங்கிவிட்டால் நெஸ்ஸுக்கு வேறு வழியே கிடையாது, நேராகக் கீழேதான். இதைத் தெரிந்துகொண்ட நாளிலிருந்து நான் கோவில்பட்டிக்காரனை அப்படித்தான் கொன்றுகொண்டிருந்தேன். மூன்று வாரம், ஒவ்வொரு தடவையும். அந்தச் சனிக்கிழமை இரண்டு பேருக்கும் கடைசி உயிர். அவன் வெளியே விழுந்தான். மின்னல் பந்து மெல்ல வளைந்து வருகிறது, பந்தின் வழி எனக்கு அத்துப்படி, இரண்டு எட்டு வைத்தால் போதும். நான் மேடையின் அந்தக் கோடிக்குப் போய் நின்றுகொண்டேன். நெஸ் பறந்து வந்து இறங்கியது. அங்கேயே நின்றது. அவன் எதையும் அழுத்தவில்லை. ஜாய்கானை மடியில் வைத்துவிட்டான். அப்புறம்தான் அந்தக் கேள்வி வந்தது.

நான் பதில் சொல்லாததால் அவனே பேசினான். "தோக்குறதுல ஒண்ணும் இல்ல மச்சான். எங்க ஊர்ல ஹாக்கி மட்டைய புடிக்காத பய கெடையாது. ஸ்கூல் டீம்ல ஒரு தடவை எட்டு கோல் வாங்கித் தோத்தோம். எட்டாவது கோலையும் அவனுங்க ஓடி வந்துதான் போட்டானுங்க. எங்களப் பாத்துப் பாவப்பட்டு ஒருத்தனும் நிக்கல." அவ்வளவுதான். எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்து படுத்துக்கொண்டான்.

உப்புக்குச் சப்பாணி

சின்ன வயதில் பெரிய பையன்களோடு ஆடப் போனால் நம்மை உப்புக்குச் சப்பாணியாகச் சேர்த்துக்கொள்வார்கள். ஓடலாம், கத்தலாம், ஆனால் அவுட்டானால் அவுட் இல்லை, ரன் எடுத்தால் கணக்கில் இல்லை. முதல் நாள் சந்தோஷமாக இருக்கும். நம்மை யாரும் பிடிக்க முயற்சிகூடச் செய்யவில்லை என்பது என்றைக்குத் தெரிகிறதோ அன்றைக்கு வீட்டுக்குப் போய் அழுவோம். இருபத்து நாலு வயது ஆளை, அவனுக்குத் தெரியாமல், நான் உப்புக்குச் சப்பாணி ஆக்கியிருந்தேன். குறுக்கே நின்று மின்னலை வாங்கிய மூன்று வாரமும் அவன் ஆட்டத்தில் இருந்தான். நான் ஒதுங்கி நின்ற அந்த ஒரு நொடியில் அவனை ஆட்டத்திலிருந்தே வெளியே எடுத்துவிட்டேன்.

இந்த ஆட்டத்தை உருவாக்கிய மசாஹிரோ சகுராய்க்கும் இப்படி ஒரு நாள் வந்திருக்கிறது. ஆர்கேடில் கிங் ஆஃப் ஃபைட்டர்ஸ் 95 என்ற சண்டை ஆட்டத்தை ஆடி எதிராளியை அநாயாசமாக வீழ்த்தியிருக்கிறார், பிறகு பார்த்தால் எதிர்ப்பக்கம் உட்கார்ந்திருந்தது ஆட்டத்துக்குப் புதிதான ஒரு இளம் ஜோடி. அவர்கள் முகத்தில் சந்தோஷம் இல்லை. அந்த உறுத்தல்தான் ஸ்மாஷுக்கு வித்துகளில் ஒன்று என்று அவரே சொல்லியிருக்கிறார். சண்டை ஆட்டம், ஆனால் நீளமான பொத்தான் வரிசைகளை மனப்பாடம் செய்ய வேண்டாம். உயிர்ப்பட்டைக்குப் பதிலாக ஏறிக்கொண்டே போகும் சதவீதம். ஒரே நேரத்தில் நாலு பேர். பின்னாளில் நின்டெண்டோவின் தலைவரான சதோரு இவாட்டாவே முதல் மாதிரிக்கு நிரல் எழுதிக் கொடுத்தார். 1999இல் நின்டெண்டோ 64க்கு வந்தது.

ஆனால் மெலீ அவர் நினைத்ததைவிடக் கூர்மையாகிவிட்டது, புதியவர்களுக்கு அது கடினம் என்று அவரே வருத்தப்பட்டார். அடுத்து வந்த ப்ராலில் வேகத்தைக் குறைத்தார். ஓடத் தொடங்குகிறவன் எந்தக் காரணமும் இல்லாமல் திடீரென்று தடுக்கி விழும்படியும் வைத்தார்கள். வலியவனையும் எளியவனையும் சமமாக்கும் முயற்சி என்றே நான் அதைப் புரிந்துகொள்கிறேன். ஒருவருக்கும் பிடிக்கவில்லை, அடுத்த ஆட்டத்தில் அதை எடுத்துவிட்டார்கள். 2014இல் ஆன்லைனில் ஃபார் ஃபன், ஃபார் குளோரி என்று இரண்டு கதவு வைத்தார்கள். ஒன்றில் ஐட்டமும் எல்லா மேடையும், இன்னொன்றில் ஐட்டம் இல்லாத தட்டை மேடை. சந்தோஷம் ஒரு பக்கம், பெருமை ஒரு பக்கம் என்று பெயரிலேயே பிரித்துவிட்டார்கள். எனக்கு அதில் உடன்பாடே இல்லை. வுல்ஃப் பையனிடம் விளிம்பில் தொங்கிய அரை மணி நேரத்தை நான் எந்தக் கதவுக்குள் வைப்பேன்? குக்கர் சட்டத்தை எதில் வைப்பேன்?

என் அப்பத்தா தாயம் ஆடுவதில் கெட்டிக்காரி. சோழி யாருக்கும் வேண்டியவர் வேண்டாதவர் பார்க்காது, ஆனாலும் பத்துக்கு எட்டு ஆட்டம் அப்பத்தாதான். எந்தக் காயை நகர்த்துவது, எதைக் கட்டத்துக்குள் பத்திரமாக நிறுத்துவது, எப்போது வெட்டுவது என்பதில் இருக்கிறது சூட்சுமம். பேரன்பேத்திகளுக்கு ஒரு ஆட்டம்கூட விட்டுக்கொடுத்ததில்லை. நாலு வீடு நகர்ந்தால் பழம் என்று நிற்கிற காயைக்கூட இரக்கமில்லாமல் வெட்டி வெளியே எறியும். ஆனால் ஆட்டம் தொடங்கும்போதே, சோழியைக் கையில் எடுப்பதற்கு முன்னாலேயே, எல்லார் காதிலும் விழச் சொல்லிவிடும்: "எனக்கு ஆறு காயும் பழுக்கணும். ஒனக்கு நாலு பழுத்தாப் போதும்." அதற்குப் பிறகு சலுகை கிடையாது. நான் ஜெயித்த நாட்களில் அது என் வெற்றி. அப்பத்தாவே தெருவில் போகிறவரிடம் சொல்லும், இன்னிக்கு இவன் என்னை ஜெயிச்சுட்டான் என்று.

வாரப் போட்டியிலும் அப்படித்தான். என்ன ஆடப் போகிறோம் என்பது வாசலிலேயே எழுதி ஒட்டியிருக்கிறது, தோற்றவன் தெரிந்தே தோற்கிறான். எங்கள் ஹாலில் மூன்று பேர் சேர்ந்து ஒருவனை மொத்தியதும் வெளிப்படையான சலுகைதான், அதனால்தான் அது யாரையும் புண்படுத்தவில்லை. ஐட்டம் இருக்கிறதா இல்லையா, மேடை தட்டையா குகையா என்று சண்டை போடுகிறவர்கள் இந்த இடத்தைப் பார்ப்பதே இல்லை. நான் முதலில் அவர்கள் ஆட்டத்தை என் இஷ்டத்துக்கு மாற்றினேன், பிறகு என் ஆட்டத்தைச் சொல்லாமல் குறைத்தேன். இரண்டில் எது பெரிய தப்பு என்று கேட்டால் இரண்டாவதுதான். முதலாவதில் குறைந்தபட்சம் நான் அவனை எதிராளியாக மதித்தேன்.

மறுநாள் காலை டீ போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, "ஆமாடா, விட்டுக்கொடுத்தேன்" என்று சொன்னேன். "தெரியும்" என்றான். ஆட்டத்திலேயே ஹேண்டிகேப் வைக்க வழி இருக்கிறது, யார் எத்தனை சதவீத அடியோடு தொடங்குவது என்பதை முன்கூட்டியே நிர்ணயிக்கலாம். "எனக்கு எவ்வளவு வைக்கட்டும், நீயே சொல்லு" என்றேன். யோசித்து "எம்பது" என்றான். அந்த வாரம் டெம்பிள் திரும்பி வந்தது, ஐட்டம் திரும்பி வந்தது. நான் எண்பதில் தொடங்கி என்னால் முடிந்த அத்தனையையும் போட்டு ஆடினேன், மின்னல் பந்துக்குக் குறுக்கே போய் நின்றேன். அவன் அதற்குள் ஒன்று கற்றுக்கொண்டிருந்தான். நான் குறுக்கே வருவேன் என்று தெரிந்து பந்தை முன்னைவிடக் கீழே வளைத்துக் கொண்டுவந்தான். எப்போது பழகினான் என்று தெரியவில்லை. மூன்றில் ஒரு ஆட்டம் ஜெயித்தான். டிசம்பருக்குள் எண்பது ஐம்பதானது. அதைக் குறைக்கச் சொன்னவன் அவன்தான்.

2020இல் ஆளுக்கொரு ஊராகப் பிரிந்தோம். போன மே மாதம் சென்னையில் கோவில்பட்டிக்காரன் வீட்டில் மறுபடி நாலு பேரும் கூடினோம், திருச்சிக்காரன் அந்தப் பழைய ஸ்விட்சை அமெரிக்காவிலிருந்து தூக்கி வந்திருந்தான். விசில் சத்தம் கேட்டு வீட்டுக்காரன் எழுந்து உள்ளே போனான். நெஸ் டெம்பிள் மேடையில் தனியாக நின்றது, மூன்று பேரும் அதைச் சுற்றிக்கொண்டு போனோம். அவனுடைய அக்கா பையன், எட்டு வயது, இதையெல்லாம் பார்த்துக்கொண்டே இருந்தவன், சோபாவில் கிடந்த பாதி ஜாய்கானை எடுத்துக்கொண்டான். "மாமாவோடத நான் ஆடவா?"

"ஆடு. ஆனா நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்" என்றேன். "நான் எத்தனையில தொடங்கணும்னு நீயே சொல்லு."

சமையலறையிலிருந்து அவன் மாமா எட்டிப் பார்த்தான். பையன் திரையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, அதிகபட்சம் எவ்வளவு வைக்கலாம் என்று கேட்டான்.

"முந்நூறு."

"அப்ப முந்நூறு மாமா."

முந்நூறு வைத்தேன். அவன் நேராக மேடையில் வந்து விழுந்த ஹோம் ரன் பேட்டை நோக்கி ஓடினான், நானும் ஓடினேன்.